தலைக்கு மேலே ஒரு பிடி

செவ்வாய் நிலையம், நாள் 212, காலை
காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. என் வலது தோள் சரியில்லை. நேற்று ஏணியில் சறுக்கியதில் மூட்டு கழன்றுவிட்டது. கூட இருக்கும் ஒரே ஆள் ததேயுஸ், பனி தோண்டப் போயிருக்கிறான். குப்புறப் படுத்து, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டில் ஐந்து கிலோ மண் பை கட்டினேன். அசையவில்லை. இங்கே எடை மூன்றில் ஒரு பங்குதான் என்பது வலியில் மறந்தே போச்சு. பதினைந்து கிலோ கட்டியதும் டொக்கென்று உட்கார்ந்தது.

அதே நாள், மதியம்
பூமியிலிருந்து டாக்டர் வைரமணி: "செண்பகவல்லி, மூணு வாரம் கையத் தலைக்கு மேல தூக்கவே கூடாது. தோளோட வெளிப்பக்கம் தொட்டா தெரியுதான்னு பாருங்க. தெரியலைன்னா நரம்பு அடிபட்டிருக்கு. மறுபடி கழண்டா கையே விழுந்துடலாம்."
தொட்டேன். தெரிகிறது.

மாலை 4.25
ததேயுஸ் வெளிக்கதவைத் தாண்டி, இரு கதவுகளுக்கும் இடையிலுள்ள நடு அறைக்கு வந்துவிட்டான். உள்கதவின் மோட்டார் எரிந்துவிட்டது. அவன் உடையில் அரை மணிக் காற்றுதான் மிச்சம். டாக்டரைக் கேட்டுப் பதில் வர அதைவிட நேரமாகும்.
கையால் திறக்க என் தலைக்கு மேலே இரட்டைப் பிடி இருக்கிறது. மண் பையைக் கட்டித் தொங்கவிட்டேன். வேற்றுப் பாரம் என்று பூட்டிக்கொண்டது. இரண்டு உள்ளங்கைகள் இழுத்தால்தான் திறக்குமாம். பாதுகாப்பாம்! இதை வடிவமைத்த மகராசனுக்குத் தோளே இருந்திருக்காது.
வானொலியில் ததேயுஸ்: "அக்கா, வேண்டாங்க்கா. கை போயிரும்."

4.41
இழுத்தேன். பாதி இறங்கியது. தோள் கழன்றது. நான் கத்தியதைக் கேட்டு அவன் அழுகிறான். முட்டாள், அழுதால் காற்று சீக்கிரம் தீரும்.

4.47
இடது கையால் எழுதுகிறேன். வலது உள்ளங்கையைப் பெல்ட்டால் பிடியோடு கட்டிவிட்டேன், பல்லால் முடிச்சு. என் எடை மட்டும் போதாது; இடுப்பில் மண் பைகள். ஸ்டூல்மேல் நிற்கிறேன். எழுதி முடித்ததும் இடது கை மற்றப் பிடிக்கு. பயமாக இருக்கிறது.
இதைப் படிப்பவர் யாரானாலும் சரி: நான் சாகத் தொங்கவில்லை. கதவு திறக்கத் தொங்கினேன்.
ஸ்டூலை உதைக்கப்

நேரம் பார்க்கவில்லை
திறந்தது. ததேயுஸ் உயிரோடு இருக்கிறான், மூக்கு ஒழுகச் சிரிக்கிறான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே பதினைந்து கிலோ கட்டித் தோளை உட்கார வைத்தான். தோளின் வெளிப்பக்கம் தொடச் சொன்னேன். கண்ணை மூடிக் காத்திருந்தேன். சீக்கிரம் தொடுடா என்று திட்டினேன்.
கண்ணைத் திறந்தேன். அவன் விரல் என் தோள்மேல்தான் இருந்தது.