பட்டியலில் முதல் பெயர்

மில்கிரீக், ஜார்ஜியா
4 ஆகஸ்ட் 1953, செவ்வாய்

அன்பு மகன் அமோஸுக்கு அம்மா எழுதுவது.

நானும் உன் தங்கை ரூத்தும் நலம். இதைத் தபாலில் போடவில்லை. நீ இருக்கும் சிகாகோவுக்குப் போகும் ரயிலில் வேலை பார்க்கும் நம் கஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமை நீ வண்டி ஏறுவதற்குள் இது உனக்குக் கிடைத்தாக வேண்டும்.

விழா ஏற்பாடெல்லாம் முடிந்தது. 'வீடு திரும்பும் நாள்' என்று பெயர் வைத்ததே நான்தான். வெள்ளைக்காரர்களின் பொருட்காட்சியில் கறுப்பர்களான நமக்குக் கடைசித் திங்கட்கிழமை மட்டும்தானே. பரிசு மாடுகளை ஓட்டிக்கொண்டு போன பிறகு சாணியைப் பார்க்க நம்மை விடுகிறார்கள். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை, நமக்கென்று ஒரு விழா வேண்டும் என்று சபையில் எழுந்து சொன்னேன். போதகர் டோசியர் தயங்கினார். என் தோழி பெர்லீன் தன் மேய்ச்சல் நிலத்தைத் தந்தாள். அவள் வாய் உனக்குத் தெரியுமே. "ஆர்டீலியா, உன் பையனப் பாக்கணும்னு ஊரையே கூட்டுறியாக்கும்" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். உண்மையைச் சொல்லிவிட்டாளே என்று எனக்குக் கோபம்.

தச்சர் ஹிராம் ஆறு மரக்குதிரைகள் செதுக்கி ஒரு ராட்டினம் செய்திருக்கிறார். கோவேறு கழுதை இழுக்கும். ரூத் அதையே சுற்றிச் சுற்றி வருகிறாள், ஏறமாட்டேன் என்கிறாள். ஆறு வருடம் முன்பு அந்தப் பொருட்காட்சியில், வெள்ளைக்காரர் நாளில் நீ அவளை ராட்டினத்தில் ஏற்றியதும், அவளைப் பிடித்துத் தள்ளிய வெள்ளைக்காரனை நீ அடித்ததும், அன்றே ஊரைவிட்டு ஓடியதும் அவளுக்கு மறக்கவில்லை. "அண்ணன் வந்து தூக்கி வெக்கட்டும், ஏறுறேன்" என்கிறாள். பன்னிரண்டு வயதாகிறது, கால் தரையில் இடிக்கும்.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். ஊர்வலம் சாலையில் போக, போலீஸ் அதிகாரியான ஷெரிப்பின் அனுமதி வேண்டும். வெளியூரிலிருந்து யார் யார் வருகிறார்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். போதகரின் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும் என்று நானே எழுத உட்கார்ந்தேன். முப்பத்தோரு பெயர். பெருமை பிடித்தவள், உன் பெயரை முதலில் எழுதினேன். ஆறு வருடமாக யாரும் உன்னைப்பற்றி விசாரிக்கவில்லை, மறந்திருப்பார்கள் என்று நினைத்துவிட்டேன்.

நேற்று ஷெரிப்பிடம் அனுமதி கேட்கப் போனேன். மறுத்துவிடுவான் என்று பயந்துகொண்டே போனால், உடனே கையெழுத்துப் போட்டான். அவனுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. "ஆர்டீலியா, விழாவ நல்லா நடத்து. உன் மகன் எந்த வண்டியில வர்றான்?" என்று கேட்டான். அவன் விரல் பட்டியலின் முதல் வரியில் இருந்தது. தெரியாதுங்க ஐயா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நேரே பெர்லீன் வீட்டுக்குப் போனேன்.

விழாவே வேண்டாம், நிறுத்திவிடலாம் என்று அவளிடம் அழுதேன். அவள் கேலி பேசவில்லை. "முப்பது வீட்டுப் புள்ளைங்க வருதுங்க. விழாவ நிறுத்தாத. உன் புள்ளைய நிறுத்து" என்றாள்.

அமோஸ், வராதே. வா வா என்று எழுதிய இதே கையால் எழுதுகிறேன், வராதே. வேலையிருக்கிறது என்று தங்கைக்கு ஒரு வரி எழுதிப் போடு. பொய் சொல்லாதே என்று வளர்த்தவளே பொய் சொல்லச் சொல்கிறேன். அதைத் தபாலிலேயே போடு. அவர்கள் பிரித்துப் படித்தால் படிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை மாலை நானும் ரயிலடியில் நிற்பேன். போகாவிட்டால் சந்தேகப்படுவார்கள். எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் இறங்குவார்கள். கடைசி ஆள் இறங்கி, நீ இறங்காமலே வண்டி புறப்படுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வரும்.

கர்த்தர் உன்னைத் தூரத்திலேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் அம்மா,
ஆர்டீலியா