மஞ்சள் தெளித்த தொட்டிகள்

11 அக்., செவ்வாய்

தன் சதை எது, அடுத்ததின் சதை எது என்று ஒரு சிப்பிக்கு எப்படித் தெரிகிறது? எனக்குத் தெரியாது. நமக்குள்ள நோய் எதிர்ப்புப் புரதங்கள் அதற்கு இல்லை. இரத்த அணுக்கள் மட்டும். ‘வந்து சூழ்ந்துகொள்’ என்று அவற்றுக்குச் சேதி அனுப்பும் மரபணு ஏதோ இருக்க வேண்டும். அதைத் தேடும் வசதி பெங்களூரில் இருக்கலாம். என்னிடம் ஒரு நுண்ணோக்கி, பட்டறை ஷெட்டில் இரண்டு தொட்டி.

தூறல். அறுவை முடிந்து ஆறு நாள். தொ. 1: முப்பது ஏரிச் சிப்பிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் அதன் சதைத் துண்டே, முத்து வளர ஒரு மணியோடு. தொ. 2: முப்பது, வேறு சிப்பியின் துண்டு. பிடிக்காவிட்டால் மணியை வெளியே தள்ளிவிடும்.

போன தடவை அத்தனையும் செத்தன. சனிக்கிழமை பட்டறை முதலாளி எண்ணிப் பார்ப்பார். பாதி செத்திருந்தால் ஷெட் புது லேத் மெஷினுக்கு. “முத்து இப்பவே கேக்கல டீச்சரம்மா. உசுரோட இருந்தா போதும்.”

12, புதன்

வாங்க: பூண்டு, டார்ச் பேட்டரி, முட்டிக்குத் தைலம். கல்லூரி வேலையை விட்டு மூன்று வருடம், இன்னும் டீச்சரம்மா. பிடித்திருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை.

13, வியாழன்

ஆயுத பூஜை, விடுமுறை. பஸ்ஸுக்கெல்லாம் வாழைக்கன்று. பொரி தின்று தூங்கினேன்.

14, வெள்ளி

ஷெட்டுக்குப் போனால் அறுவைக் கத்திகளில் குங்குமம். இரண்டு தொட்டியிலும் தண்ணீர் மஞ்சள்! தண்ணீர் மாற்றும் லட்சுமம்மா மூக்கண்டப்பள்ளியிலிருந்து வந்து நேற்றே பூஜை போட்டிருக்கிறார்.

“மஞ்சத் தண்ணி யாரைக் கேட்டு ஊத்தினே?”

“லேத்துக்கெல்லாம் பொட்டு வெச்சாங்க மேடம். நம்ம தொட்டி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

“சோதனையே கெட்டுதே.”

“எப்படிக் கெடும்? ரெண்டுக்கும் ஒரே டம்ளர்ல அளந்துதான் ஊத்துனேன். ஒண்ணுக்குச் செஞ்சா இன்னொண்ணுக்கும் செய்யணும்னு நீங்கதானே கத்திக்கிட்டே இருப்பீங்க.”

திரும்பிக்கொண்டு சிரித்தேன். இருவரும் மதியம்வரை தண்ணீர் மாற்றினோம். நாளை என்ன ஆகுமோ என்று அவருக்குப் பயம். எனக்கும்.

15, சனி

வெயில். முதலாளி வந்தார், தானே எண்ணினார். செத்தவை நான்கு, தொட்டிக்கு இரண்டு. வெளியே விழுந்த மணிகள்: தொ. 1-இல் ஒன்று, தொ. 2-இல் பதினொன்று. ஏன் என்பது இன்னும் தெரியாது.

மஞ்சள் விஷயத்தை மறைக்கவில்லை. அவருக்கு ஒரே சந்தோஷம். “பாத்தீங்களா! மஞ்சள்தான் காப்பாத்திருக்கு. இனிமே வாரா வாரம் ஊத்துங்க.”

அப்படிச் சொல்ல முடியாது, மஞ்சள் ஊற்றாத தொட்டி ஒன்றும் பக்கத்தில் இருந்தால்தான் தெரியும் என்றேன். ஷெட்டில் மீதியிருந்த இடத்தைக் காலால் அளந்தார். “அப்ப இன்னொண்ணு கட்டிக்குங்க.”

சாயங்காலம் லேத் வந்தது. வாசலில் இறக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.