கூப்பிடக் கூடாது என்றொரு ஒப்பந்தம்

ஒரியாக், 12 அக்டோபர் 1947

அன்புள்ள லூசியன்,

வந்து சேர்ந்தேன். பெண்கள் பள்ளியில் தத்துவப் பாடம் எனக்கு. இந்த மலை ஊரில் இருத்தலியம் என்றால் கறுப்பு ஸ்வெட்டர் போட்டு நிலவறையில் ஆடுவது என்றே நினைக்கிறார்கள். தலைமையாசிரியை முதல் நாளே கேட்டார்: "ஏம்மா, நீங்களும் அந்தக் கடவுள் இல்லைங்கிற கூட்டமா? குளிக்கிற பழக்கமாவது உண்டா?"

உன்னிடம் சொல்லிச் சிரிக்க நினைத்தேன். நீ இல்லை.

நம் ஒப்பந்தத்தை மறக்கவில்லை. கல்யாணம் இல்லை, ஒளிவுமறைவு இல்லை, ஒருவரை ஒருவர் 'வா' என்று கூப்பிடுவதும் இல்லை. வருகிறவர் தானாகத் தேர்ந்து வர வேண்டும். ஆகவே செய்தி மட்டும்: என் ஜன்னலிலிருந்து ரயில் நிலையம் தெரிகிறது.

உன் சொலான்ஜ்

பாரிஸ், 20 நவம்பர் 1947

என் சொலான்ஜ்,

அறையில் நிலக்கரி இல்லை. வழக்கம்போல் கஃபேயின் அடுப்போரம் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்திரிகைக்கான கட்டுரை முடியப்போகிறது: மனிதன் வார்த்து வைக்கப்பட்டவன் அல்ல, தன் செயல்களால் தன்னை ஆக்கிக்கொள்கிறவன். பரிமாறுகிற ஃபெர்னான் கேலி செய்கிறார்: "அவ்ளோ சுதந்திரமான ஆளு, தபால்காரன் வந்தா மட்டும் ஏன் சார் எந்திரிச்சு நிக்கிறீங்க?"

நீ கூப்பிடாததை மதிக்கிறேன். கூப்பிட்டிருந்தால் என்று நினைக்காத நாளும் இல்லை.

உன் லூசியன்

ஒரியாக், 15 பிப்ரவரி 1948

அன்புள்ள லூசியன்,

இங்கே தெல்மாஸ் என்று ஒரு மாட்டு மருத்துவர். நேற்று கேட்டுவிட்டார்: "உங்களைக் கட்டிக்க ஆசைப்படறேன் டீச்சர். பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

ஈஸ்டருக்குள் பதில் சொல்வதாகச் சொன்னேன். மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். தேர்ந்தெடுக்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான் என்று இந்த வாரம் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் பக்கம் திரும்பச் சற்று நேரம் ஆயிற்று.

சீக்கிரம் எழுது.

சொலான்ஜ்

பாரிஸ், 3 மார்ச் 1948

என் சொலான்ஜ்,

ஒரியாக்குக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆஸ்தர்லிட்ஸ் நிலையம் வரை போனேன். ரயில் நின்றிருந்தது. ஏறினால் அது உன்னை இழக்கும் பயத்தில் ஏறியதாகும். உன் வாசலில் நான் வந்து நிற்பதே உன் முடிவில் தலையிடுவதாகும். திரும்பிவிட்டேன். நீ எதைத் தேர்ந்தாலும் அது முழுக்க உன்னுடையதாக இருக்கட்டும். இதைவிடப் பெரிதாக உனக்குத் தர என்னிடம் எதுவும் இல்லை.

என்றும் உன் லூசியன்

ஒரியாக், 16 ஜூன் 1968

லூசியன்,

உன் மார்ச் மாதக் கடிதத்துக்கு இருபது வருஷம் கழித்துப் பதில்.

என் மகள் மிரெய் பாரிஸில் படிக்கிறாள். நாம் கஃபேயில் பேசித் தீர்த்த வாக்கியங்களைப் போராட்டத்தில் இறங்கிய பிள்ளைகள் பல்கலைக்கழகச் சுவர்களில் பெயின்ட்டால் எழுதியிருக்கிறார்களாம். "யாரும்மா இதையெல்லாம் முதல்ல சொன்னது?" என்று போனில் கேட்டாள். எனக்கு உன் குரல்தான் கேட்டது.

உன் கடிதத்தில் பிழை எதுவும் இல்லை. வரிக்கு வரி சரி. நான் தேடிய ஒரு சொல் மட்டும் அதில் இல்லை. மடிப்புக் கிழியும்வரை தேடினேன். ஈஸ்டருக்கு முந்தின நாள் தெல்மாஸிடம் சம்மதம் சொன்னேன்.

தினமும் காலையில் அவர் மாடிப்படியின் கீழிருந்து கூப்பிடுவார்: "சொலான்ஜ், காபி ஆறுது, வா." சில நாள் அந்தக் குரல் உன்னுடையதாக இருந்திருக்கலாம் என்று தோன்றும். ஆனால் அதை ஒருநாளும் கட்டளையாக நான் கேட்டதில்லை. போகாமல் இருக்கலாம். நானே தேர்ந்துதான் இறங்கிப் போகிறேன். நம் தத்துவத்தில் இதற்கும் இடம் இருந்தது, லூசியன். நமக்குத்தான் தெரியவில்லை.

இதோ, கூப்பிடுகிறார்.

சொலான்ஜ்