போர்டில் எழுதிய நம்பர்

அதிராம்பட்டினம்
28 மே 2025

அன்பு மகள் ஷமீராவுக்கு உன் தாய்மாமன் அல்லா பிச்சை சலாம் சொல்லி எழுதுவது.

நானும் உன் மாமி கமருன்னிஸாவும் சுகம். ஐதராபாத்தில் நீயும் அப்படியே இருக்க துஆ செய்கிறோம். போனில் பேசி அனுப்பினால் பேச்சு காற்றோடு போய்விடுகிறது. அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். ஓரத்தில் தெரிவது மாமியின் கட்டைவிரல்.

நீ அனுப்பிய நிலம் அளக்கும் கருவி வந்தது. பிரிக்கும்போது தெருவே கூடிவிட்டது. "இது சேட்டிலைட்டோட நேரா பேசும். இந்த ஜில்லாவுலயே இதத் தொடத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. இன்னொருத்தர் வெளியூர் போயிருக்காரு" என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை.

அதன் வயிற்றுக்குள் போட சிம் கார்டும் வாங்கியாகிவிட்டது. 'பருந்து' கம்பெனி, ஐந்து ஜி, பேச்சு அளவில்லாதது. கடைக்காரர் நான்கு ஜி போதுமே என்றார். நான்கைவிட ஐந்து பெரிது என்று நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். நம்பர் 786 என்று முடிகிறது. இதற்காக ஓர் எம்.எல்.ஏ. காத்திருந்தாராம்.

முதல் வேலையும் பிடித்துவிட்டேன். மன்னார்குடிக்கு மேற்கே வீரையன், அவர் தம்பி ராஜராஜன், இருவர் வயலுக்கும் நடுவரப்பு. மூலைக்கல் ஒன்று எங்கோ புதைந்து, வரப்பு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று வருஷக்கணக்காகச் சண்டை. நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டுவதற்குள் முடிக்க வேண்டும். சங்கிலி பிடித்தே பாதி தஞ்சாவூரை அளந்தவனுக்கு இது ஒரு வேலையா?

உன் மாமன்
அல்லா பிச்சை

ஐதராபாத்
29 மே

அன்புள்ள மாமாவுக்கு, ஸலாம்.

எம்.எல்.ஏ.விடமிருந்து நம்பரைக் காப்பாற்றியதற்கு நன்றி. ஆனால் நான் மூன்று தடவை சொன்னதை ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

சேட்டிலைட்டை மட்டும் நம்பினால் கருவி ஓர் ஆள் நீளம் தப்பாகக் காட்டும். தஞ்சாவூரில் அசையாமல் நிற்கும் இன்னொரு கருவி அந்தத் தப்பைக் கணக்குப் போட்டு இன்டர்நெட்டில் அனுப்புகிறது. அது வந்து சேர்ந்தால்தான் இரண்டு விரல்கடைக்குள் சரியாக வரும். சிம் அதற்குத்தான். கருவிக்குள் இருக்கும் மோடம் நான்கு ஜிக்கு மேல் பேசாது. வேகமும் வேண்டாம். நாள் முழுக்க அளந்தாலும், காலையில் நீங்கள் பார்க்கும் பிரியாணி வீடியோ தின்கிற டேட்டாகூட ஆகாது. அளக்கிற வயலில் எந்தக் கம்பெனிக்கு சிக்னல் இருக்கிறது? அது ஒன்றுதான் கேள்வி.

இன்னொன்று. மஸ்கட் ஆபீசுக்கு மூன்று வருஷம் போகச் சொல்கிறார்கள். பத்தாம் தேதிக்குள் பதில் கேட்கிறார்கள். நம் பக்கத்து வயல்களில் இந்தக் கருவி வேலை செய்தால் வேலையை விட்டுவிட்டு வந்து சொந்தமாக அளவைத் தொழில் தொடங்கலாம் என்று பார்க்கிறேன். செய்யாவிட்டால் மஸ்கட்தான். அதனால் தயவுசெய்து நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

அன்புடன்
ஷமீரா

அதிராம்பட்டினம்
2 ஜூன்

அன்பு மகளுக்கு,

மஸ்கட் நல்ல ஊர்தான். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மாமிதான் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் அவளுக்குத் துணையாகச் சாப்பிடவில்லை.

அளவை பிரமாதமாகத் தொடங்கியது. நானூறு பேர் பார்க்க வந்தார்கள். மாமி நாற்பது என்று எழுதச் சொல்கிறாள். கருவியில் ஒரு குறையும் இல்லை. அந்த வயலில்தான் சிக்னலுக்குக் கொஞ்சம் கூச்சம். உச்சிவெயில் வரை கருவி மாட்டிய கம்பைப் பிடித்து நின்றேன். திரை 'இணைப்பு இல்லை' என்பதையே விதவிதமாகச் சொன்னது. ராஜராஜன், "பாய், கம்பு நல்லாத்தான் இருக்கு. துணி காயப்போடலாம்" என்றான். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியைச் சேர்ந்து சிரிக்க வைத்தேன் என்பதையும் கவனி.

நம் வீட்டு மொட்டைமாடியில் சிக்னல் கோடு எல்லாம் நின்றதே, அது எப்படி?

'ஷமீரா நில அளவை' என்று வாசலில் போர்டு வைத்துவிட்டேன். படம் அனுப்பியிருக்கிறேன். நீலத்தில் மஞ்சள் எழுத்து. நம்பர் பஸ்ஸிலிருந்தே தெரியும். ஏனோ இதுவரை ஓர் அழைப்பும் இல்லை. நம் ஜனங்கள் பெரிய ஆட்களைக் கூப்பிடத் தயங்குவார்கள்.

அல்லா பிச்சை

ஐதராபாத்
3 ஜூன்

மாமா,

மொட்டைமாடி இருப்பது அதிராம்பட்டினத்தில். வயல் இருப்பது மன்னார்குடியில். மொட்டைமாடியையா அளக்கப் போகிறோம்?

போர்டில் உள்ள நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறாள் ஒரு பெண். அது கருவிக்குள் கிடக்கும் சிம்மின் நம்பர், மாமா. அதற்குக் காதும் கிடையாது, வாயும் கிடையாது. ஊரே நிலம் அளக்கக் கூப்பிட்டாலும் கம்பு எப்படி எடுக்கும்? ஆபீசில் தனியாகச் சிரித்து மாட்டிக்கொண்டேன்.

வேறு சிம் பாருங்கள், வயலில் நின்று பாருங்கள். சிம்மின் ரகசிய எண் பூட்டை எடுத்துவிட்டுக் கருவிக்குள் போடுங்கள். கம்பெனி தரும் இணைப்புப் பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல் அடிக்க வேண்டும். மாமியைப் படிக்கச் சொல்லுங்கள், நீங்கள் அடியுங்கள். இரண்டையும் நீங்களே செய்ய வேண்டாம்.

பத்தாம் தேதிதான் கடைசி.

ஷமீரா

அதிராம்பட்டினம்
9 ஜூன்

அன்பு மகளுக்கு,

பெருநாள் கறி உனக்கும் சேர்த்து நானே சாப்பிட்டேன். அதனால் வருந்தாதே.

இனி நடந்தது நடந்தபடி. மன்னார்குடி டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீரையன் போனை எடுத்தார். ஒரு மிஸ்டு கால் கொடுத்தார். "மோட்டார் ஓட ஆரம்பிச்சிருச்சு பாய்" என்றார். எனக்குப் பொறி தட்டியது. மோட்டார் கொட்டகையில் தொங்குகிற அந்த ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறதே. நடுவயலில் இரவு பகலாகக் கிடந்து வேலை செய்கிற சிம். டீயைப் பாதியில் வைத்துவிட்டு அந்தப் பக்கத்துக் கொட்டகை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். எல்லாப் பெட்டியிலும் 'சங்கு' கம்பெனிதான். மோட்டாருக்கு மிஸ்டு கால் எடுக்கிற சிம் மோடத்துக்கு நெட்டும் எடுக்குமா என்று நீ கேட்பாய். வீரையனின் மருமகள் இசைவாணி போனும் சங்குதான். வரப்பிலேயே அவளை நிற்க வைத்து நெட் பார்க்கச் சொன்னேன். நான்கு ஜி வந்தது.

இருப்பதிலேயே சின்ன டேட்டா பேக் வாங்கினேன். "அஞ்சு ஜி மனுஷன், இப்படி இறங்கிட்டீங்களே பாய்" என்றார் கடைக்காரர். மாமி படிக்க, நான் அடித்தேன். இரண்டு தடவை சண்டை வந்தது.

இன்று காலை 'இணைப்பு உண்டு' என்றது திரை. மூன்று மூலைக்கல்லையும் அளந்தேன். இந்த நிலத்துக்கு நீ எடுத்து அனுப்பிய சர்வே வரைபடத்தோடு சேர்த்துப் பார்த்து, நான்காவது இங்கே என்று வரப்புக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டியது. "அங்கயா? அங்க நண்டு வளைதான் இருக்கு" என்றபடி ராஜராஜன் கடப்பாரையைப் போட்டான். டங்கென்று கல். வரப்பு ஒரு சாண் அண்ணன் நிலத்துக்குள் போயிருக்கிறது. ராஜராஜன் மண்வெட்டியை எடுத்தான். பிறகு, "எடுத்துக்க. எம் பேரனாச்சும் ஒங்கிட்ட பேசட்டும்" என்றான். வீரையன் மண்வெட்டியைத் தம்பி கையிலிருந்து வாங்கி, தானே வரப்பைக் கல்லுக்கு நேராகத் தறிக்கத் தொடங்கினார். மதியம் இருவரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டார்கள்.

இதில் நான் கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை. மாமியும் படித்துப் பார்த்துவிட்டாள்.

நாளை உனக்குப் பதில் சொல்லும் நாள். எங்களுக்காக யோசிக்காதே. போர்டில் உள்ள நம்பர் யாருக்கும் உதவாததால், பெயிண்டரை வந்து அழிக்கச் சொல்லியிருக்கிறேன். பெயரை மட்டும் விட்டுவைக்கிறேன். பார்க்க நன்றாக இருக்கிறது.

உன் மாமன்
அல்லா பிச்சை

ஐதராபாத்
10 ஜூன்

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும்,

பெயிண்டரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்தப் பருந்து சிம்மைத் தொலைத்துவிடாமல் மாமியிடம் கொடுத்து வையுங்கள். மாமா கையில் வேண்டாம்.

மஸ்கட்டுக்கு இன்று காலையே எழுதிவிட்டேன். மாதக் கடைசியில் வருகிறேன். வந்ததும் அந்த சிம்மை என் போனில் போட்டுக்கொள்கிறேன். போர்டைப் பார்த்து யாராவது கூப்பிட்டால் நான் எடுக்கிறேன்.

ஷமீரா