லிமிட்டை ஏற்ற மறுத்தவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

சௌம்யாவின் வணக்கம். கொண்டாப்பூரில் நான் சுகம். உங்கள் கண் எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

போனில் சொன்னால் அம்மா பதறுவாள் என்றுதான் எழுதுகிறேன். நல்லபடியாக முடிந்த கதைதான். திங்கட்கிழமை போலீஸ் உடையில் ஒருவன் வீடியோ காலில் வந்து, என் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டதாக மிரட்டி மூன்று லட்சம் கேட்டான். என் கணக்கில் ஒரு நாளைக்கு ஐம்பதாயிரம்தான் அனுப்ப முடியும். "போனைக் கட் பண்ணாமல் பேங்குக்குப் போய் லிமிட்டை ஏற்று" என்றான். உங்கள் ஆபரேஷனுக்குச் சேர்த்த பணம் அப்பா அது. புத்தி மழுங்கிப் போய்விட்டேன்.

கவுன்ட்டரில் கனகம் என்றொரு மேடம். இதே நகரில் மல்காஜ்கிரியில் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். நான் போனைக் கையிலிருந்து இறக்காததைக் கண்டு, "போன்ல யாரும்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி, லிமிட்டை ஏற்றக் கேட்டேன்.

"லிமிட்டா? நக்கோ, வேண்டவே வேண்டாம்! நீ மேனேஜர்கிட்ட கம்ப்ளெய்ன்ட் பண்ணாலும் ஏத்த மாட்டேன்" என்றவர், போனை வாங்கி, "பேங்க்லேர்ந்து பேசறேன். நீங்க எந்த ஸ்டேஷன் சார்?" என்றார். அவ்வளவுதான், அவன் இணைப்பைத் துண்டித்துவிட்டான். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவரோ அசையாமல், நான் சைபர் கிரைமில் புகார் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அந்தத் துணிச்சலும் பொறுமையும் எனக்கு வருமா என்று யோசிக்கிறேன்.

அம்மாவைப் பருப்புப் பொடி அனுப்பச் சொல்லுங்கள், கனகம் மேடத்துக்கும் சேர்த்து. ஞாயிறன்று நீங்களே கூப்பிடுங்கள். தெரியாத நம்பரிலிருந்து வந்தால் இனி எடுக்க மாட்டேன். ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

உங்கள் சௌம்யா