சந்தனம் வைத்த பெட்டி

மச்சான்,

மூவுலகிலும் ஒருத்தரும் நம்பாத கதை ஒன்றை உனக்கு எழுதப் போகிறேன். என் கதைகளை நம்பாத முதல் ஆள் எப்போதும் நீதான். அந்த இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

இன்று காலை, கோச்சடை வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் நீ மாட்டிவிட்டுப் போன சேமிப்புப் பெட்டி 'பீப்' என்று கத்தியது. அந்தச் சத்தத்தில் மாட்டுத்தாவணியில் கிளம்ப நின்ற பஸ் எல்லாம் ஆஃப் ஆகிவிட்டன. பூ மார்க்கெட்டில் அத்தனை மல்லிகை மொட்டும் ஒரே நேரத்தில் மலர்ந்துவிட்டது. உன் தங்கச்சி மட்டும் அசராமல் அடுப்படியிலிருந்து சொன்னாள்: "ஏங்க, அண்ணன் பொட்டி கூப்பிடுது. என்னான்னு பாருங்க."

போனில் பார்த்தேன். இரண்டாவது எஸ்.எஸ்.டி.யின் ஆயுள் முடியப் போகிறது, மாற்றிவிடு என்றிருந்தது.

நீ இதை மாட்டிய அன்று சொன்னது நினைவிருக்கிறது. "குடும்பத்துப் போட்டோ, வீடியோ அம்புட்டும் இதுக்குள்ள மாப்ள. ரெண்டு எஸ்.எஸ்.டி. போட்டிருக்கேன். ஒண்ணுல எழுதுறது அப்படியே இன்னொண்ணுலயும் ஏறிக்கிரும். ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும்."

பழைய டிஸ்க் மாதிரி கரகரவென்று சத்தமே இல்லையே, உயிரோடு இருக்கிறதா என்று கேட்டேன்.

"இது முனகாது மாப்ள. பொசுக்குன்னு போயிரும். அதான் முன்கூட்டியே கத்துறதுக்கு ஏற்பாடு பண்ணிருக்கேன்."

உனக்கு அப்படி ஓர் ஏற்பாடு பண்ண எங்களுக்குத் தோன்றவில்லை, மச்சான்.

எழுத எழுதத் தேயும் என்றும் எச்சரித்திருந்தாய். நான் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றுவதைப் பார்த்து, "காதுகுத்துப் போட்டோவ இன்னும் எத்தன தடவ ஏத்துவ? புள்ளைக்கு ரெண்டு காதுதான்" என்பாய். பாதி ஆயுளைத் தின்றது நான்தான்.

சரி, இரண்டாவதை உருவலாம் என்று உட்கார்ந்தால், எது இரண்டாவது? பெட்டியின் முகத்தில் எஸ்.எஸ்.டி.களைச் செருகிய இரண்டு தட்டுகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் நம்பர் பொறித்திருக்கும். ஆனால் நீதான் ஆயுத பூசைக்கு ஆயுத பூசை பூவோடு வந்து, பழையதைத் துடைக்காமல் அதன்மேலேயே சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்பவனாயிற்றே. "காருக்கு வைக்கிறோம், அருவாமனைக்கு வைக்கிறோம், இதுக்கு என்ன கொறச்சல்?" இப்போது நம்பர்கள் இரண்டும் வைகை அணைக்கட்டு கனத்துக்குச் சந்தனத்தின் அடியில் கிடக்கின்றன. தப்பாக நல்லதை உருவினால், சாகக் கிடப்பதை நம்பி அம்புட்டும் நிற்கும்.

ஈரத் துணியை எடுத்தேன். உன் தங்கச்சி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் கை வச்சது. அத அழிக்காதீக." துணியை மடித்துக் கீழே வைத்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். பெட்டி பாட்டுக்குச் சாகட்டும் என்று விட்டுவிட எனக்குத்தான் ஊரிலேயே பெரிய காரணம் இருக்கிறது. அலங்காநல்லூரில் யானை உயரக் காளையின் திமிலைப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றினேன் என்று இன்றுவரை சொல்லித் திரிகிறேன். நான் அன்று லாரி மேல் உட்கார்ந்து டீ குடித்ததற்கு உலகத்தில் உள்ள ஒரே சாட்சி, அதற்குள் இருக்கும் நீ எடுத்த வீடியோ. காளை அந்தத் தெருவிலேயே இல்லை. "மாப்ள, கால மேல தூக்கிக்க, மாடு பாத்திரப் போகுது" என்று சொல்லிவிட்டு, கேமரா ஆட ஆட நீ சிரிப்பாய். உன் சிரிப்பு வேறெங்கும் பதிவாகவில்லை. என் மானம் போனால் போகிறது.

பெங்களூருக்கு, உன் மகளுக்குப் போன் போட்டேன். உன் குரல் அப்படியே அவளுக்கு.

"துடைக்க வேணாம் மாமா. மொதல்ல பொட்டிய ஆஃப் பண்ணுங்க. எடம் மாறாம ஒவ்வொரு தட்டா உருவுங்க. உள்ள எஸ்.எஸ்.டி. மேல ஸ்டிக்கர்ல சீரியல் நம்பர் இருக்கும். போன்ல காட்டுற நம்பரோட ஒத்துப் பாருங்க."

"தட்டு?"

"தட்டு அதே தட்டுதான். பழசக் கழட்டிட்டுப் புதுச மாட்டுங்க. சந்தனம் அப்படியே இருக்கும்." போனை வைக்குமுன், "அத்தைட்ட சொல்லிருங்க" என்றாள்.

நம்பர் ஒத்தது வலப்பக்கத்துத் தட்டுதான். கடையிலிருந்து புதியது வாங்கிவந்து மாட்டினேன். சாயங்காலம் வரை, இடப்பக்கத்தில் இருந்த நல்லது தன்னிடம் இருந்ததையெல்லாம் புதியதற்கு எழுதிக்கொண்டே இருந்தது. உன் தங்கச்சி நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். பச்சை விளக்கு வந்ததும் வீடியோவைப் போட்டோம். லாரி, டீ, என் தூக்கிய கால்கள், உன் சிரிப்பு. அவள் உன்னை மாதிரியே குலுங்கிச் சிரித்தாள். உனக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பஸ் ஆஃப் ஆனது பொய். மல்லிகை மலர்ந்தது பொய். காளை பொய் என்று உனக்கே தெரியும். அணைக்கட்டு கனமும் பொய்தான். சந்தனம் நகக் கனம்கூட இராது. ஒன்று மட்டும் நிசம். தட்டைத் திரும்பத் தள்ளும்போது ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தது. காய்ந்த சந்தனத்தில் உன் கட்டைவிரல் ரேகை சுழி சுழியாகத் தெரிந்தது. அதில் படாமல், ஓரத்தில் விரல் வைத்துத் தள்ளினேன்.