யூசுபுக்குப் பழகாத சத்தம்

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து காற்று. நடுவில் கொஞ்சம் சாரல். துணி ஒன்றும் காயவில்லை.

பாளையங்கோட்டை போய் வந்தோம், நானும் என் மகன் யூசுபும். சென்னைக்கு அனுப்பிய அவன் ரத்தத்தின் சோதனை முடிவு வந்துவிட்டது. காதில் குறை இல்லை. குறை மூளையில். அதற்கும் உள்ளே, ஒரு ஜீனில்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். ஜீன் இருக்கிறதாம், பூட்டிக் கிடக்கிறதாம். அதிலிருந்து உண்டாக வேண்டிய புரதம் உண்டாகவில்லை. அதனால் வருகிற சத்தத்தை அடக்கி வைக்க மூளைக்குத் தெரியவில்லை.

"பக்கத்து வீட்டுத் தறிச்சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?"

"இல்ல டாக்டர். பழகிட்டு."

"அவனுக்குப் பழகாதும்மா. ஒவ்வொரு அடியும் அவனுக்கு முதல் அடி."

மருந்து? இல்லை.

எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்து. என்னிடம் வேலை செய்கிற ஜீன், அவனுக்கு இறங்கும்போது பூட்டிக்கொண்டது. "உங்க தங்கச்சிகிட்டயும் இருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னாடி ரத்தம் பாத்துருங்க" என்றார்.

தங்கச்சி நூருக்கு நிக்காஹ் இந்த மாதக் கடைசியில்.

திரும்பும்போது பஸ் ஆரன் அடித்ததும் யூசுப் என் தோளைக் கடித்துவிட்டான். கடிக்கட்டும்.

ஜூன் 13, வெள்ளி

சீனி தீர்ந்துவிட்டது.

உம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏளா, சொந்தத்துல குடுத்தா பிள்ளைக்குக் கொறை வரும்னுதான உன்னய அசல்ல குடுத்தோம்? அப்பமும் வந்திருக்குன்னா அது அவங்க வழிதான். இதுல என்ன சந்தேகம்?"

அப்படி இல்லை உம்மா, இது தாய் வழியாகத்தான் ஆண் பிள்ளைக்கு வரும் என்றேன். "வெளிய மூச்சு விட்டே, நூரு வாழ்க்கை போச்சு" என்றாள். அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

சவூதியில், தம்மாமிலிருந்து என் வீட்டுக்காரர் பேசி அனுப்பிய கேசட் வந்தது. போட்டேன். "யூசுப்பு, வாப்பா பேசுதேன்யா, என்ன செய்யுதே?" பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். நிறுத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன். பிள்ளை கேட்டுச் சிரித்தான் என்று அவருக்கு எழுத வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

பேட்டையிலிருந்து நூரின் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஆண்கள் முன்னறையில், பெண்கள் உள்ளே. யாரோ தட்டைக் கீழே போட, யூசுப் அலறிச் சுவரில் தலையை முட்டினான்.

"புள்ளைக்கு என்ன?" மாப்பிள்ளையின் உம்மா.

"அது எம் மருமவன் வழி. அங்கன ரெண்டு மூணு பேருக்கு உண்டும்" என்றாள் உம்மா, கண் இமைக்காமல்.

அவர் குடும்பத்தில் ஒருத்தருக்கும் கிடையாது.

"அல்ஹம்துலில்லாஹ். அப்பம் நமக்கு ஒண்ணுமில்ல." அந்த அம்மாளின் முகம் தெளிந்துவிட்டது.

நான் வட்டலாப்பம் வைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த தட்டுக்கும் வைத்தேன். கடல் தாண்டிக் கிடந்து வெயிலில் வேகிற மனுஷன் தலையில் இதையும் ஏற்றிவிட்டோம். வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

மண்ணெண்ணெய் வரவில்லை.

ரவிக்கை அளவு கொடுக்க நூரைக் கூட்டிப் போவதாக உம்மாவிடம் சொன்னேன். தையல்கடை பாளையங்கோட்டையில், டாக்டரம்மா அடுத்த தெரு. அளவு கொடுத்து முடிந்ததும் எல்லாவற்றையும் சொல்லி, கையோடு ரத்தம் எடுத்துவிடுவது என்று தீர்மானம்.

அளவு கொடுத்தாயிற்று. வெளியே வந்து நின்றோம். நான் வாயெடுப்பதற்குள் அவளே கேட்டாள்.

"லாத்தா, யூசுபுக்கு வந்தது மச்சான் வழின்னு உம்மா சொன்னது நெசந்தானா?"

அவள் கண்ணெல்லாம் குழி விழுந்து கிடந்தது. இத்தனை நாள் நான் அதைப் பார்க்கவே இல்லை.

"ஆமா" என்றேன்.

"அவனத் தூக்கும்போதெல்லாம் எனக்கும் இப்டிப் பொறந்துருமோன்னு இருக்கும் லாத்தா. யார்ட்ட கேக்கன்னு தெரியல." சிரித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகிற மேலப்பாளையம் பஸ் வந்தது. ஏறி இரண்டு டிக்கெட் எடுத்தேன்.